திருவள்ளூருக்குப் புறப்பட்ட பேண்ட்

வேலை கிடைக்காத கஷ்டத்தை யாரிடம் சொன்னாலும் உச்சுக்கொட்டிக் கேட்பார்கள். ஒரே வாரத்தில் இரண்டு வேலை கிடைத்துவிட்ட கஷ்டத்தைச் சொல்லிப் பாருங்கள், பாதியில் எழுந்து போய்விடுவார்கள். அந்தப் பயத்தில்தான் இத்தனை வருஷமாக நான் வெளியே வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பதிலாக என் வீட்டார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று பெருக்கி. என் அசட்டுத்தனத்தை நானே எழுதினால் கொஞ்சம் சின்னதாக்கிக் காட்டலாம் என்ற நப்பாசையில் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, பொன்னேரிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் மூன்று வருஷம் வீட்டோடு இருந்தேன். சும்மா இருந்தேன் என்று சொல்லிவிட முடியாது. தினமும் விண்ணப்பம் எழுதினேன். எங்கள் நைனாவிடம் (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஆந்திரா எல்லை அவ்வளவு கிட்டே) வரப்பில் எதிர்ப்படுகிறவர்கள், பையன் என்ன செய்கிறான் என்று விசாரிப்பார்கள். "எழுதிக்கினு கீறான்" என்பார் அவர். இதனால் ஊரில் பாதிப் பேர் நான் ஏதோ பெரிய புத்தகம் எழுதுகிறேன் என்று நம்பினார்கள். ஒருவர், இன்னும் முடியலையா என்று அக்கறையோடு கேட்கவும் செய்தார்.

நேர்முகத் தேர்வுகளுக்கும் குறைவில்லை. அம்பத்தூரிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் நான் உட்காராத பெஞ்சு கிடையாது. ஒரு தொழிற்சாலையில் நான் காத்திருந்தபோதே 'வேலை காலி இல்லை' என்ற பலகையை எழுதி முடித்தார்கள். பெயிண்ட் காயும்வரை கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். நல்ல பெயர் வாங்கினால் நாளைக்கு உதவும் என்று நினைத்தேன்.

தபால்காரர் முனிரத்தினம் எங்கள் அடுத்த தெருக்காரர். ஆரம்பத்தில் வீட்டு வாசல்வரை வந்து, லெட்டர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார். அப்புறம் தெருமுனையிலிருந்து கையை ஆட்டினார். மூன்றாவது வருஷத்தில் கால்வாய்க் கரையில் சைக்கிளை விட்டு இறங்காமலே தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நானும் அங்கிருந்தே தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

நேர்முகத் தேர்வுக்கென்றே என்னிடம் ஒரு பேண்ட் இருந்தது. சாம்பல் நிற டெரிகாட்டன், அந்தக் காலத்து வழக்கப்படி முட்டிக்குக் கீழே அகலமாக விரிந்த பெல்பாட்டம். அதை முதன்முதலில் பார்த்த நைனா, ஒரு கால் உள்ளே ஒரு மூட்டை நெல் பிடிக்கும் என்று கணக்குச் சொன்னார். என் படிப்புக் காலத்துப் பழைய பேண்ட்டை அவர் ஏற்கனவே வயலில் காக்காய் விரட்டும் பொம்மைக்கு மாட்டிவிட்டார். ஆக, எனக்கென்று உலகத்தில் இருந்தது அந்த ஒரே பேண்ட்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை முனிரத்தினம் கால்வாய்க் கரையிலிருந்தே மணி அடித்துக்கொண்டு வந்தார். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த இரும்புக் குழாய்க் கம்பெனியில் டிரெயினி சூப்பர்வைசர் வேலை. அம்மா அழுதாள். நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். திரும்பி வர நேரமாயிற்று, கண் சிவந்திருந்தது. வியாழக்கிழமை மறுபடி மணிச் சத்தம். திருவள்ளூர் பக்கத்தில் பம்பு செட் செய்யும் ஒரு பழைய கம்பெனி, அதே மாதிரி வேலை.

அன்றோடு எனக்குத் தலை கனத்துவிட்டது. முந்தின வாரம்வரை யாராவது மூட்டை தூக்கக் கூப்பிட்டாலும் போயிருப்பேன். இப்போது பொன்னேரி டீக்கடையில் கால்மேல் கால் போட்டு, ரெண்டுல எதுன்னு யோசிச்சிக்கினு இருக்கேன் என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன். எருமையை ஓட்டும்போதுகூட 'கம் ஆன்' என்று ஓட்டினேன். எருமை நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தது.

நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டிதான் பிடித்தது. அரை மணி ரயில் பயணம், பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம், அறுப்பு சமயத்தில் ஒரு ஆள் கையில் இருப்பான். அம்மாவுக்குத் திருவள்ளூர். அங்கே கேண்டீனில் சாப்பாடு உண்டு, தங்க இடமும் தருவார்கள். அதைவிட, நான் சேற்றில் கால் வைக்காத தூரத்துக்குப் போய்விட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவள் அந்தச் சேற்றில் இருபத்தைந்து வருஷம் நின்றவள். இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து பேசினார்கள். இருவரும் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது.

நான் செய்தது இதுதான். நைனாவிடம், நீ சொல்றதுதான் சரி, புதன்கிழமை கும்மிடிப்பூண்டியில் சேர்ந்துவிடுகிறேன் என்றேன். அம்மாவிடம், நீ சொல்றதுதான் சரி, புதன்கிழமை கும்மிடிப்பூண்டிக்குச் சும்மா தலையைக் காட்டிவிட்டு வெள்ளிக்கிழமை திருவள்ளூரில் சேர்ந்துவிடுகிறேன் என்றேன். என் மனசுக்குள் மூன்றாவதாக ஒரு திட்டம் இருந்தது. இரண்டு கம்பெனியையும் பெண் பார்க்கிற மாதிரி பார்த்து, எது லட்சணமாக இருக்கிறதோ அங்கே தங்கிவிடுவது.

இரண்டுக்கும் சம்மதக் கடிதம் அனுப்பினேன். பொன்னேரி டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் நானே அடித்தேன். தங்கள் நிறுவனத்தில் பணியாற்றுவது சிறுவயது முதல் என் கனவு என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம் அழகாக அமைந்துவிட்டது. அதை வீணாக்க மனமில்லாமல் இரண்டு கடிதத்திலும் வைத்தேன். ஆபீஸ் வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் கார்பன் நகல் எடுத்து, சர்ட்டிபிகேட்டுகளோடு ஃபைலில் பத்திரப்படுத்தினேன். அந்த வயதில் எனக்கு ஒழுங்கு அதிகம்.

இதற்கு நடுவே நைனா பஞ்சாங்கத்தைப் பிரித்துவிட்டார். புதன்கிழமை வடக்கே சூலம். கும்மிடிப்பூண்டி எங்களுக்கு வடக்கு. போதாததற்கு அவர்கள் வரச்சொன்ன எட்டு மணி எமகண்டம். அம்மா தன் பங்குக்கு வெள்ளிக்கிழமையைப் பார்த்தாள். மேற்கே சூலம், திருவள்ளூர் மேற்கு, வரச்சொன்ன பத்தரை மணி சரியாக ராகு காலம். இரண்டு கம்பெனியும் பேசிவைத்துக்கொண்டு நாள் குறித்த மாதிரி இருந்தது.

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்று பெயர். நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால் அவன் சாமான் ஒன்றைக் கிளப்பி, போகிற திசையில் தெரிந்தவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்புறம் அவன் எந்த நேரத்தில் கிளம்பினாலும் பரவாயில்லை, வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். பஞ்சாங்கத்தைப் பொறுத்தவரை அவன் முன்பே புறப்பட்டுவிட்டவன். ஒரே நிபந்தனை, புறப்பட்ட சாமான் மறுபடி வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது.

திங்கட்கிழமை காலை நல்ல நேரத்தில் நைனா சைக்கிளில் வடக்கே கவரப்பேட்டைக்குப் போய், அத்தை வீட்டில் பரஸ்தானம் வைத்துவிட்டு வந்தார். அதே காலை அதே நல்ல நேரத்தில், பொன்னேரிக்கு வந்திருந்த தன் தம்பி தசரதனிடம் அம்மா ஒரு பையைக் கொடுத்து மேற்கே ஆரணிக்கு அனுப்பினாள். (இது எங்கள் ஆரணியாற்றங்கரை ஆரணி. பட்டு நெய்கிற ஆரணி வேறு.) தசரதன் மாமா என்னைவிட நான்கு வயதுதான் பெரியவர். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, ஆரணி நெல் மெஷினில் கூப்பிட்டபோது போய் வேலை செய்துகொண்டிருந்தார். அவரைக் கூப்பிடாத நாட்கள்தான் அதிகம்.

நைனா அனுப்பியதை அம்மாவிடம் சொல்லவில்லை, அம்மா அனுப்பியதை நைனாவிடம் சொல்லவில்லை. தான் ஜெயித்துவிட்டதாக இருவருக்கும் நினைப்பு, தோற்றவர் மனசு நோகக்கூடாது என்று பெருந்தன்மை. நான் டீக்கடையில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை விடிகாலை குளித்துவிட்டு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ரசகற்பூர உருண்டை இரண்டு உருண்டன. பேண்ட் இல்லை, நல்ல சட்டையும் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது முந்தாநேத்தே பொறப்பட்டு போயிட்ச்சி" என்றாள் நிதானமாக. "ஆரணில தம்பி ஊட்ல கீது. வெள்ளிக்கெழம போறப்ப எட்த்துக்கினு போ."

தோளில் துண்டோடு வாசலிலிருந்து வந்த நைனா, பேண்ட் எதற்கு ஆரணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். சர்ட்டிபிகேட் ஃபைல்தான் கவரப்பேட்டைக்குப் போயாயிற்றே என்றார். அம்மா அவரைப் பார்த்தாள். அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் இடுப்பில் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். என் படிப்பு வடக்கே வேலைக்குப் போய்விட்டது, என் உடுப்பு மேற்கே வேலைக்குப் போய்விட்டது, நான் மட்டும் வீட்டில் இருந்தேன்.

"இன்னாடா சொன்ன அம்மாகிட்ட?" என்றார் நைனா.

நான் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ஒரு ஆளத்தானடா பெத்தோம். ரெண்டு எடத்துக்கு எப்டி அனுப்பறது?"

ஆரணிக்குப் போய் பேண்ட்டை எடுத்துவர நேரமில்லை. நைனாவின் நாலு முழ வேட்டியைக் கட்டிக்கொண்டு, காலர் நைந்த அரைக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன். கவரப்பேட்டையில் இறங்கி அத்தை வீட்டில் ஃபைலைக் கேட்டால், வடக்கே பார்த்து நின்று வாங்கிக்கொள்ளச் சொன்னாள். ஃபைல் ஒரு மஞ்சள் பையில் வெற்றிலை பாக்கோடும் ஒரு பிடி நெல்லோடும் இருந்தது. அங்கிருந்து பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர எட்டரை தாண்டிவிட்டது.

கம்பெனி கேட்டில் கூட்டம். அந்தத் தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பங்களிலிருந்து வீட்டுக்கு ஒருவருக்காவது வேலை தாருங்கள் என்று கேட்க, சுற்றுக் கிராமத்து விவசாயிகள் வந்திருந்தார்கள். எல்லோர் இடுப்பிலும் வேட்டி, எல்லோர் கையிலும் மஞ்சள் பை, பைக்குள் காகிதம். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெலம் குட்த்தவங்கோ எல்லாம் அந்த வேப்பமரத்தாண்ட குந்துங்கோ."

நான் சூப்பர்வைசர் என்று சொன்னேன்.

"அல்லாரும் அதுவா ஆவத்தான் வந்துகிறீங்கோ. போய் குந்து" என்றார்.

குந்தினேன். உரக்கப் பேசியிருக்கலாம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் காட்டியிருக்கலாம். பேண்ட் இல்லாத இடுப்பிலிருந்து இங்கிலீஷ் கிளம்ப மறுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மடியிலிருந்து வேர்க்கடலை எடுத்து நீட்டிவிட்டு, எத்தனை காணி கொடுத்தாய் என்று விசாரித்தாள். ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன்.

"குடுக்காமயே வேல கேக்க வந்துட்டியா?" என்றாள். கோபமில்லை, உண்மையான ஆச்சரியம். அவள் கொடுத்தது இரண்டு காணி. மூன்று பிள்ளைகள். மூன்றில் ஒருவனுக்குக் கிடைத்தாலும் போதும் என்று அவள் வருவது அது ஆறாவது தடவை. ஆனாலும் நியாயம் நியாயம் என்பதால், நிலம் கொடுக்காத இந்தப் பையனைக் கடைசியில் அனுப்பு என்று கூப்பிட வந்த பியூனிடம் சொல்லிவிட்டாள். அங்கிருந்த நாற்பது பேருக்கும் அது சரியாகப் பட்டது. கடலையை மென்றுகொண்டே நானும் தலையாட்டினேன்.

கடைசியாக நான் உள்ளே போனபோது மத்தியானம் இரண்டு மணி. பர்சனல் ஆபீசருக்கு முப்பது வயதுதான் இருக்கும். கடுமையான ஜலதோஷம், மேஜைமேல் நான்கு கைக்குட்டை. தலையைத் தூக்காமல் "எத்தனை ஏக்கர்?" என்றார். நான் யார் என்பதைச் சொன்னேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், மேஜைக்கு மேலாக எட்டி வேட்டியைப் பார்த்தார், ஃபைலை வாங்கினார். முதலில் இரண்டு நெல்மணி மேஜையில் விழுந்தது. அடுத்து, ஒழுங்காக மேலாக வைத்திருந்த கார்பன் நகல். அதைப் படித்தார். அடியிலிருந்த இன்னொரு நகலைப் படித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தார்.

"போன வருஷம்வரைக்கும் இந்த இடத்துல வேர்க்கடலை போட்டிருந்தாங்க" என்றார். "சின்ன வயசுல கடலைக்கொல்லையில சூப்பர்வைசர் ஆகணும்னு கனவு கண்டீங்களா?"

என் வாயில் இன்னும் கொஞ்சம் கடலை இருந்தது. விழுங்கினேன்.

"திருவள்ளூர்லயும் இதே கனவுதான் போல."

நைனா கட்சி, அம்மா கட்சி, பரஸ்தானம், ஆரணி, கவரப்பேட்டை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நடுவில் மூன்று தடவை தும்மினார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. முடித்ததும் வரிசையாகக் கேட்டார். சர்ட்டிபிகேட் இங்கே இருக்கிறது, பேண்ட் ஆரணியில் இருக்கிறது, சரிதானே என்றார். சரி என்றேன்.

"அப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

குனிந்து என் வேட்டியைப் பார்த்துக்கொண்டேன். அவர் ஜன்னலைக் காட்டினார். வேப்பமரத்தடியில் அந்த அம்மாள் பையை மடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தாள். ஒரு வேலைக்கு இத்தனை பேர், ஒரு ஆளிடம் இரண்டு வேலை, இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்பது உங்களுக்கே நன்றாயிருக்கிறதா என்று கேட்டார். முகம் கழுவிவிட்டு ஐந்து நிமிஷத்தில் வருகிறேன், அதற்குள் ஒன்றை விடுங்கள், இல்லாவிட்டால் இந்த ஃபைலோடு இரண்டையும் விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. போன வாரம் டீக்கடையில் உட்கார்ந்து யோசித்ததெல்லாம் யோசனையே இல்லை, பயம். மூன்று வருஷம் ஒருவரும் வா என்று சொல்லவில்லை. இரண்டு பேர் வா என்றதும், ஒருவரிடம் வரவில்லை என்று சொல்லப் போய் மற்றவரும் மாறிவிட்டால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் நடுங்கியிருக்கிறேன். அதைத்தான் கால்மேல் கால் போட்டு மறைத்திருக்கிறேன். நைனாவிடமும் அம்மாவிடமும் உண்மையைச் சொல்லாததும் அதனால்தான். எனக்கு நன்றாக வெட்கமாக இருந்தது. வேட்டிக்காக அல்ல.

அவர் திரும்பி வந்ததும், இங்கேயே சேர்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். நீங்கள் இதைப் படித்த பிறகும் என்னை வெளியே அனுப்பவில்லை, திருவள்ளூரில் படித்தால் என்ன செய்வார்களோ என்றேன். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, திருவள்ளூருக்கு வரவில்லை என்று இப்போதே எழுதச் சொன்னார். அங்கேயும் ஒருவன் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருப்பான் இல்லையா என்றார். எழுதினேன். இந்த முறை கனவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. மெஷின் ஓடும் இடத்தில் வேட்டி கூடாது, நாளைக்குக் காலையில் பேண்ட்டோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நைனா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஜெயித்த சந்தோஷத்தைக் காட்டாமல் இருந்தார். அம்மா ஒரு பேச்சும் பேசாமல் எனக்குச் சோறு போட்டாள். திருவள்ளூர் வேலை கைநழுவிப் போனதில் அவளுக்கு வருத்தம்தான். சாப்பிட்ட கையோடு ஆரணிக்குப் போய் பேண்ட்டை எடுத்து வருகிறேன் என்றேன். அங்கேதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அது திருவள்ளூருக்கு பொறப்பட்ட பேண்ட்டுடா. அத்த பாதி வழில திருப்பினா ஒரு வேலயும் நெலைக்காது."

நைனா, எங்கள் வீட்டில் அபூர்வமாக, அவள் சொல்வதை ஒப்புக்கொண்டார். பரஸ்தானம் என்றால் பரஸ்தானம்தான். இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்துவிட்டபின் நான் என்ன செய்ய முடியும். முனிரத்தினத்திடம் போய் ஒரு பேண்ட் இரவல் கேட்டேன். தபால்காரரிடம் என்ன நிறத்தில் பேண்ட் இருக்குமோ அந்த நிறத்தில் ஒன்றைக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை காக்கி பேண்ட்டில் கேட்டுக்குப் போனேன். முந்தின நாள் பார்த்த வாட்ச்மேன் இல்லை, ராத்திரி ஷிப்ட் முடித்த வேறொருவர் இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "புச்சா வந்த ஆளா? நேரத்தோட வந்துட்டியே" என்று தன் தடியையும் டார்ச் லைட்டையும் என் கையில் கொடுத்துவிட்டு நாஷ்டாவுக்குப் போய்விட்டார். நான் புதிதாக வந்த ஆள்தான், நேரத்தோடு வந்ததும் உண்மைதான், எங்கே மறுப்பது என்று தெரியவில்லை. கையில் தடியோடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. கேட்டைத் திறந்துவிட்டேன்.

உள்ளே அந்தப் பர்சனல் ஆபீசர். வண்டியை நிறுத்தச் சொல்லி, கைக்குட்டைக்கு மேலாக என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "நேத்து விவசாயி, இன்னைக்கு வாட்ச்மேன். சூப்பர்வைசர் எப்ப வருவார்?" என்றார். முப்பத்தொரு வருஷம் அந்தக் கம்பெனியில் குப்பை கொட்டினேன். அங்கே நான் செய்த முதல் வேலை அந்தக் கேட்டைத் திறந்ததுதான்.

இதோடு முடிந்திருந்தால் நான் மறைத்திருப்பேன். வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல நேரத்தில் கிளம்பிய பேண்ட் ஆரணியிலேயே கிடக்கக்கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்க, என் மறுப்புக் கடிதத்தைத் தபாலில் போடாமல் ஆரணிக்குக் கொடுத்தனுப்பி, திருவள்ளூரில் நேரில் கொடுத்துவர தசரதன் மாமாவை அனுப்புவது என்று முடிவாயிற்று. அவருக்கும் எனக்கும் ஒரே இடுப்பு. என் பேண்ட்டையும் சட்டையையும் போட்டுக்கொண்டு அவர் போனார். ராகு காலத்தில்தான் போய்ச் சேர்ந்தார்.

வரவில்லை என்பதை நேரில் வந்து சொன்ன முதல் ஆள் நீதான் என்று அங்கே மேனேஜர் அவரை உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். எதுவரை படித்தாய், கணக்கு வருமா, காலையில் நேரத்தோடு எழுந்திருப்பாயா என்று கேட்டிருக்கிறார். டைம் ஆபீசில் ஒரு ஆள் தேவைப்பட்டதாம். சாயங்காலம் மாமா ஆரணிக்குப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றார். பேண்ட் வீட்டுக்குள் வரக்கூடாதே என்று. வேலை கிடைத்துவிட்டது என்றார். அம்மா தெருவில் உட்கார்ந்து அழுதாள். அவளுடைய தம்பியும் ஐந்து வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் ஆர்ப்பாட்டத்தில் நாங்கள் யாரும் அதை நினைக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எனக்குத் தனி மரியாதை. கல்யாணப் பந்தியில் பாயசமா மோரா என்று நான் ஒரு விநாடி தயங்கினால் போதும், பேண்ட் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று யாராவது கேட்டுவிடுவார்கள். என் மனைவிக்கு இந்தக் கதை நிச்சயதார்த்தத்தன்றே சொல்லப்பட்டது. என் பிள்ளைகள் இதைக் கேட்டே சோறு தின்றார்கள்.

மாமா திருவள்ளூர் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்து சூப்பரின்டென்டென்ட்வரை போனார். ஓய்வுபெற்றபோது ஒரு கல்யாண மண்டபத்தில் பிரிவுபசாரம் வைத்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாலையோடு மைக் முன்னால் வந்த மாமா, நன்றி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஒரு உண்மையைச் சொல்லாமல் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது என்றார்.

"இந்த வேல எனக்கு கெடச்சதில்ல. தோ குந்திகினு கீறானே எங்க அக்கா புள்ள, அவன் பேண்ட்டுக்கு கெடச்சது. நான் உள்ள இருந்தேன், அவ்ளோதான்."

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக என் காலைப் பார்த்தார்கள். அன்றைக்கென்று பார்த்து நான் வேட்டியில் போயிருந்தேன்.